கலைப் பட்டத்திலிருந்து கணினித் தொழிலுக்கு: செட்டிநாட்டை முன்வைத்து

கலைப் பட்டம் பெற்ற ஒருவர் தொழில்நுட்பத் துறையில் முதல் வேலை தேடும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. வேலைக்கு வேண்டிய திறன் அவரிடம் இருக்கிறதா என்பது ஒன்று. இருக்கும் திறனைக் காட்ட அவரை உள்ளே விடுகிறார்களா என்பது மற்றொன்று. தமிழ்நாட்டில் இவை இரண்டும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. வாசலில் தடுக்கப்பட்டவர் திறனில்லாதவர் என்று ஊரும் உறவும் முடிவு கட்டிவிடுகின்றன. நாளடைவில் அவரும் அப்படியே நம்பிவிடுகிறார். செட்டிநாட்டின் காரைக்குடியை நடுவில் வைத்துப் பார்த்தால் இந்தக் குழப்பத்தைப் பிரித்தெடுக்க முடியும். கலைக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, தேசிய ஆய்வகம், பல்கலைக்கழகம் ஆகிய நான்கும் இங்கே ஒரே ஊரில் அமைந்திருக்கின்றன. முதல் மூன்றும் எழக் காரணமானவர் ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்தவர்.

காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில் 1909 ஏப்ரல் 6 அன்று பிறந்த அழகப்பச் செட்டியார், சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில முதுகலை முடித்து, லண்டன் சென்று பாரிஸ்டர் ஆனார். விமானம் ஓட்டவும் அங்கே கற்றுக்கொண்டார். 1937இல் திருச்சூர் அருகே அவர் தொடங்கிய நூற்பாலையைச் சுற்றி வளர்ந்த ஊர் இன்றும் அழகப்பா நகர்தான். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியாரின் விருப்பத்தை ஏற்று அவர் தந்த 5 லட்சம் ரூபாயில் 1944இல் கிண்டியில் ஏ.சி. தொழில்நுட்பக் கல்லூரி உருவானது. 1947 ஆகஸ்டில் காரைக்குடியில் கலைக் கல்லூரி தொடங்கியது. 1952இல் பொறியியல் கல்லூரி வந்தது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். 48 வயது நிறைவதற்கு ஒரு நாள் முன்பு, 1957 ஏப்ரல் 5 அன்று, அழகப்பர் காலமானார். 1985இல் அவர் பெயரில் அரசு பல்கலைக்கழகத்தை நிறுவியது.

கையில் முதல் இல்லாத இன்றைய பட்டதாரிக்கு அழகப்பரின் வாழ்க்கை நேரடி வழிகாட்டி ஆகாது. மில்லும் நிலமும் இருந்தவருக்குப் பாடப்பிரிவு ஒரு தடையாக இருந்ததில்லை. ஆனால் அவர் செய்த ஒரு தேர்வு கவனிக்கத் தக்கது. ஊரில் முதலில் கலைக் கல்லூரி, அதன் பக்கத்திலேயே மின்வேதியியல், அதன் பக்கத்திலேயே பொறியியல் என்று அவர் வைத்தார். ஒன்றைப் படிப்பவர் மற்றதற்கு அந்நியர் என்ற எண்ணம் அந்த அமைப்பில் இல்லை. அந்த எண்ணம் பின்னால் வந்தது. பதினோராம் வகுப்பில் பாடப்பிரிவு தேர்ந்தெடுக்கும் நாளில் அது தொடங்குகிறது.

காரைக்குடி இருக்கும் சிவகங்கை மாவட்டத்தில் பி.ஏ. தமிழோ ஆங்கிலமோ வரலாறோ பொருளியலோ படிப்பவர்களில் பலர் தங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். பட்டம் முடிந்ததும் அவர்கள் முன்னால் இருக்கும் வழக்கமான பாதைகள் இரண்டு: பி.எட். முடித்து ஆசிரியராவது, அல்லது டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குத் தயாராவது. இந்தப் பாதைகள் அறிவற்றவை என்று சொல்வதற்கில்லை. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. தனியார் நிறுவனத்தின் நேர்காணலில் அதே தமிழ்வழிக் கல்வி குறையாகப் பார்க்கப்படுகிறது. குரூப் 4 தட்டச்சர் பணியை எண்ணி டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடிக்கிறார்கள். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் சி.ஓ.ஏ. தேர்வும் எழுதுகிறார்கள். பல கலைப் பட்டதாரிகளுக்குக் கணினியோடு ஏற்படும் முதல் முறையான பழக்கம் அதுதான். விரிதாளில் ஒரு சூத்திரம் எழுதி, அது தரும் விடை சரியா என்று கையால் கணக்குப் போட்டுச் சரிபார்த்தவர், தரவுப் பணியின் முதல் படியில் ஏற்கெனவே கால் வைத்துவிட்டார். அதை அவரிடம் யாரும் சொல்வதில்லை.

வாசலில் நிற்கும் தடைகள் பெரும்பாலும் விதிகளாகவே இருக்கின்றன. எம்.சி.ஏ. படிப்பில் சேர மேல்நிலையிலோ பட்டப் படிப்பிலோ கணிதம் படித்திருக்க வேண்டும் என்பது நெடுங்கால நிபந்தனை. வரலாற்றுப் பிரிவெடுத்துப் படித்த மாணவிக்குப் பதினைந்து வயதிலேயே அந்தக் கதவு சாத்தப்பட்டுவிடும். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு பின்னர் இதைத் தளர்த்தி, கணிதம் படிக்காதவர்களுக்கு இணைப்புப் பாடம் வைத்துச் சேர்க்கலாம் என்று வழி செய்திருக்கிறது. 2020இலிருந்து எம்.சி.ஏ. இரண்டாண்டுப் படிப்பு. எனினும் மாநிலச் சேர்க்கை விதியும் ஒவ்வொரு கல்லூரியின் விதியும் தனித்தனியாக இருக்கக்கூடும் என்பதால், அந்தந்த ஆண்டு அறிவிக்கையை வரிவரியாகப் படித்துவிட்டே விண்ணப்பிக்க வேண்டும்.

அடுத்தது கேம்பஸ் தேர்வு. பெரிய நிறுவனங்கள் பொறியியல் கல்லூரிகளுக்கும், பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல் வகுப்புகளுக்கும் வருகின்றன. அறுபது சதவீத மதிப்பெண், நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது, குறிப்பிட்ட பாடப்பிரிவு மட்டும் என்று இணைய விண்ணப்பத்திலேயே வடிகட்டி வைத்திருக்கிறார்கள். பி.ஏ. என்ற தெரிவே அந்தப் பட்டியலில் இல்லாதபோது விண்ணப்பதாரரின் திறனை யாரும் அளந்து பார்ப்பதில்லை. பி.பி.ஓ. வேலைகளில் மட்டும் கலைப் பட்டதாரிகளுக்கு நெடுநாளாக இடமுண்டு. அங்கும் வாய்ஸ் பிராசஸுக்கு ஆங்கிலப் பேச்சு குறுக்கே நிற்கிறது.

ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தொழில்நுட்ப வேலைக்கு வேண்டிய ஆங்கிலம் முதலில் படித்துப் புரிந்துகொள்ளும் ஆங்கிலம்; அடுத்து, பிழையில்லாமல் நான்கு வரி எழுதும் ஆங்கிலம். சரளமாகப் பேசுவது மூன்றாவது. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகள் இந்த வரிசையைத் தலைகீழாக்குகின்றன. பிழைச் செய்தி ஒன்றை முழுதாகப் படித்து, எந்த வரியில் என்ன கோளாறு என்று சக ஊழியருக்கு எழுதத் தெரிந்த தமிழ்வழி மாணவர், பேச்சில் தயங்கினாலும் வேலையில் நிலைத்துவிடுவார்.

இனி திறனைப் பற்றிய கேள்வி. கலைப் படிப்பிலிருந்து கணினிக்குப் போனவர்களின் பட்டியல் கேட்டால், தத்துவம் படித்து ஃபிளிக்கரையும் ஸ்லாக்கையும் நிறுவிய ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டு, ஹார்வர்டில் வரலாறும் இலக்கியமும் படித்து யூடியூபின் தலைவரான சூசன் வோஜ்சிக்கி போன்ற பெயர்களே வருகின்றன. செட்டிநாட்டுப் பட்டதாரிக்கு இவற்றால் பெரிய பயனில்லை. அவர்களைச் சுற்றியிருந்த மூலதனமும் நட்பு வட்டமும் இங்கே கிடையாது. இதைவிடப் பயன்படும் உதாரணங்கள் மொழியையும் நூலையும் பிடித்துக்கொண்டு கணினிக்குள் நுழைந்தவர்கள்.

அவர்களில் மூத்தவர் இத்தாலியப் பாதிரியார் ரொபெர்தோ பூசா. தாமஸ் அக்குவைனஸின் எழுத்துகள் அனைத்துக்கும் சொல்லடைவு தயாரிக்க விரும்பிய அவர், 1949இல் நியூயார்க்கில் ஐ.பி.எம். தலைவர் தாமஸ் வாட்சனைச் சந்தித்து உதவி பெற்றார். துளை அட்டையில் தொடங்கிய வேலை ஏறத்தாழ முப்பது ஆண்டு நடந்து, 56 அச்சுத் தொகுதிகளாக முடிந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட சொற்களை அட்டையில் ஏற்றியவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். பயிற்சி கொடுத்து அவர்களைத் தயார்செய்தார்கள். கணினியில் உரையைக் கையாளும் துறையின் தொடக்கங்களில் ஒன்றாக இன்று கருதப்படும் இந்தப் பணியில் இறையியல் அறிஞரும் பள்ளி முடித்த பெண்களும் பொறியாளர்களோடு சேர்ந்து வேலை செய்திருக்கிறார்கள்.

தமிழில் இதற்கு இணையான பெயர் நா. கோவிந்தசாமி. சிங்கப்பூர் எழுத்தாளரான அவர் அங்குள்ள தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளராக இருந்தவர். கணினியில் தமிழ் எழுத்துகளைக் கொண்டுவர அவர் உருவாக்கிய முறைக்குக் கணியன் என்று பெயர். கணியன் பூங்குன்றனாரை நினைவூட்டும் பெயர் அது. அப்புலவரின் ஊராகச் சொல்லப்படும் மகிபாலன்பட்டி இதே சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூர் அருகே இருக்கிறது. 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகள் இணையத்தில் ஏறியபோது தமிழ்ப் பகுதி அவர் உழைப்பில் வந்தது. 1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டியவரும் அவரே. அதன் தொடர்ச்சியாக 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டில் தமிழ் 99 விசைப்பலகை உருப்பெற்றது. அதே ஆண்டு கோவிந்தசாமி மறைந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்மொழித் துறைப் பேராசிரியராக இருந்த ந. தெய்வ சுந்தரம், மொழியியலைக் கணினிக்குக் கொண்டுபோய் மென்தமிழ் சொல்லாளரை உருவாக்கினார். இவர்கள் தமிழைக் கைவிட்டுக் கணினிக்குப் போனவர்கள் அல்லர். தமிழுக்கு என்ன வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதை நிறைவேற்றுகிற அளவுக்குக் கணினியைக் கற்றுக்கொண்டார்கள்.

பி.ஏ. தமிழ் வகுப்பறைக்கும் இந்த வேலைக்கும் உள்ள தூரம் வெளியிலிருந்து தெரிவதைவிடக் குறைவு. தேடுபொறியில் 'மரம்' என்று தேடுபவருக்கு 'மரத்திலிருந்து', 'மரங்களுக்கும்' என்று வரும் பக்கங்களும் கிடைக்க வேண்டும். மகர ஈறு கெட்டு அத்துச் சாரியை வந்து வேற்றுமை உருபு சேர்கிறது என்பதை நன்னூல் வகுப்பில் படித்த மாணவிக்கு இந்தச் சிக்கலின் பாதி தெரியும். அதே விதியை, எந்த ஈற்றுக்குப் பின் எது வரும், எது கெடும் என்று நிபந்தனை வாக்கியங்களாக எழுதினால் அது நிரல். மீதிப் பாதி, விதிக்கு அடங்காத சொற்களைப் பட்டியலிடுவதும், எழுதிய நிரல் எங்கே தவறுகிறது என்று ஆயிரக்கணக்கான வாக்கியங்களில் ஓட்டிப் பார்ப்பதும். பொறுமையும் மொழிக் காதும் வேண்டிய வேலை அது.

கோட்டையூர் இந்தக் கட்டுரைக்கு இன்னொரு சான்றும் தருகிறது. அந்த ஊரில் பெயர்ப் பலகை எழுதும் ஓவியராக வாழ்ந்த ரோஜா முத்தையா, தமிழ் அச்சு நூல்களையும் இதழ்களையும் நாடக அறிவிப்புகளையும் அழைப்பிதழ்களையும் வாழ்நாளெல்லாம் சேகரித்தார். 1992இல் அவர் காலமான பின், 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது. சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் சென்னைக்குப் பெயர்ந்து ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆயின. முதலில் நுண்படம், பின்னர் எண்ணிமப் பிரதி என்று அங்கே நடந்த பணிகளைப் பார்த்தால், ஒரு நூலகம் எந்த அளவுக்குத் தொழில்நுட்ப நிறுவனமாகவும் இருக்க வேண்டியிருக்கிறது என்பது விளங்கும்.

அத்தகைய சேகரத்தை இணையத்தில் தேடத்தக்கதாக மாற்றுவதில் ஸ்கேனர் செய்யும் பங்கு சிறியது. பழைய நூலின் முகப்பில் ஆண்டு பிரபவ, விபவ என்று அறுபதாண்டு வட்டத்தில் இருக்கும். அதே பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருமாதலால், அச்சகத்தின் பெயரையும் பதிப்பாளரின் காலத்தையும் வைத்துத்தான் ஆங்கில ஆண்டை முடிவு செய்ய இயலும். ஒரே ஆசிரியர் ஊர்ப் பெயரோடு ஓரிடத்திலும் தலைப்பெழுத்தோடு இன்னோரிடத்திலும் வருவார். இருவரும் ஒருவரா என்று தீர்மானிக்க வேண்டும். 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் 'லை', 'னை' முதலியவை பழைய துதிக்கை வடிவத்தில் இருப்பதால் எழுத்துணரி மென்பொருள் தடுமாறும். அதைப் பழக்க, சரியாகப் பெயர்த்தெழுதிய மாதிரிப் பக்கங்கள் வேண்டும். வரலாறும் தமிழும் படித்தவரின் வேலை இது. பட்டியலைத் தரவுத்தளமாக அமைக்கவும், தவறாகப் பிரிந்த பதிவுகளை ஒரே கட்டளையில் இணைக்கவும் அவரே கற்றுக்கொண்டால், உதவியாளர் நிலையிலிருந்து திட்டத்தை நடத்துபவர் நிலைக்கு உயர்கிறார்.

இத்தகைய பணிகள் ஓரிடத்தில் மட்டும் நடப்பவை அல்ல. 1998 பொங்கலன்று தன்னார்வலர்களால் தொடங்கிய மதுரைத் திட்டம், 2001இல் அமைந்து இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக இயங்கும் அரசு நிறுவனம், 2005இல் ஈழத்து நூல்களுக்காக எழுந்த நூலகம் திட்டம் ஆகியவை ஒரே திசையில் உழைத்தவை. தொல்லியலிலும் இதே தேவை உண்டு; கீழடி அகழாய்வும் சிவகங்கை மாவட்டத்தில்தான் நடக்கிறது. தமிழ்நாட்டின் பானையோட்டுக் குறியீடுகளைச் சிந்துவெளிக் குறிகளோடு ஒப்பிட்டு மாநிலத் தொல்லியல் துறை 2025 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வுக்கு, 140 இடங்களில் கிடைத்த சுமார் 15,000 ஓடுகள் எண்ணிமமாக ஆவணப்படுத்தப்பட்டன. 2022 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய பாஷிணி திட்டமும், அதே மாதம் சென்னை ஐ.ஐ.டி.யில் திறக்கப்பட்ட ஏஐ4பாரத் மையமும் இந்திய மொழிகளில் பேச்சையும் மொழிபெயர்ப்பையும் கணினிக்குப் பழக்குகின்றன. அதற்கு மொழிபெயர்ப்பாளர்களும், ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்குபவர்களும், அவற்றைச் சரிபார்ப்பவர்களும் வேண்டும்.

ஆனாலும் மொழித் தொழில்நுட்பத்தை மட்டுமே நம்பி ஒரு கல்லூரி வகுப்பு முழுவதும் கிளம்பிவிட முடியாது. பணியிடங்கள் குறைவு; அவற்றில் பல, திட்டம் முடிந்ததும் முடிந்துபோகும் ஒப்பந்த வேலைகள். கலைப் பட்டதாரிகளில் கூடுதலானோருக்கு இடம் கொடுப்பவை மென்பொருள் நிறுவனங்களின் பொதுவான வேலைகளே.

அவற்றில் டெஸ்டிங் முதன்மையானது. மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய ஆவணத்தைப் படித்து, அதில் சொல்லாமல் விட்டது எது என்று கண்டுபிடிப்பதில்தான் அந்த வேலை தொடங்குகிறது. பிப்ரவரி 29 அன்று வாங்கிய ஓராண்டுக் கடனுக்குத் தவணை முடியும் நாள் எது? பெயருக்கு முன் ஓரெழுத்துத் தலைப்பெழுத்து மட்டுமே உள்ளவர் 'குடும்பப் பெயர்' கட்டத்தை எப்படி நிரப்புவார்? உரையாசிரியரைப் போல ஒரு வாக்கியத்தைக் குடைந்து கேள்வி கேட்கப் பழகியவருக்கு இது கைவரும். சோதனையாளர்களுக்கான ஐ.எஸ்.டி.க்யூ.பி. அடிப்படைச் சான்றிதழ்த் தேர்வில் 40 கேள்விகள், 65 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. எந்தப் பட்டம் என்று அதில் கேட்பதில்லை. ஆயினும் கையால் மட்டும் சோதிக்கும் வேலைகள் சுருங்கி வருவதால், தானியங்கிச் சோதனைக்கு வேண்டிய நிரலும் தெரிந்திருக்க வேண்டும்.

வாடிக்கையாளர் சப்போர்ட், நிறுவனங்களுக்கு மென்பொருளை நிறுவிப் பயிற்சி தரும் இம்ப்ளிமென்டேஷன், தொழில்நுட்ப ஆவணம் எழுதுதல் ஆகியவை அடுத்து வருபவை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் சிற்றூர்க் கடைகள்கூடக் கணக்கு மென்பொருளுக்கு மாறியதால், வணிகமும் பொருளியலும் தெரிந்து கடைக்காரரின் மொழியில் விளக்கத் தெரிந்தவர்களுக்குத் தேவை கூடியது. ஆவணம் எழுதுபவருக்குத் தெளிந்த ஆங்கிலத்தோடு மார்க்டவுன், கிட் போன்ற கருவிகளும் பழகியிருக்க வேண்டும். பயனர்களை நேர்கண்டு ஆராயும் பணி சமூகவியல் படித்தவர்களுக்கு ஏற்றது. ஆனால் அந்த வேலைகள் சென்னை, பெங்களூரு தாண்டி அதிகம் கிடைப்பதில்லை.

கற்பதற்கு இன்று இருக்கும் வழிகள் இருபது ஆண்டுக்கு முன் இருந்தவற்றைவிடப் பல மடங்கு. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் இணையவழியில் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பு இதில் பெரிய மாற்றம். பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்து, எந்தப் பிரிவிலாவது பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வு எழுதி நுழையலாம், ஜே.இ.இ. கட்டாயமில்லை. இடையில் சான்றிதழோடோ டிப்ளமோவோடோ விலகிக்கொள்ளவும் வழியுண்டு. ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் அனுமதித்ததால், காரைக்குடியில் பி.ஏ. வரலாறு படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். மாநில அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கலைக் கல்லூரி மாணவர்களுக்கும் திறன் பாடங்களைக் கொண்டுசெல்கிறது. தமிழிலேயே நிரல் கற்க விரும்புவோருக்குக் கணியம் அறக்கட்டளையின் 'எளிய தமிழில்' வரிசை நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

வழி பெருகியதால் ஆபத்தும் பெருகியிருக்கிறது. நூறு சதவீத வேலை உறுதி என்று விளம்பரம் செய்து பெரும் தொகை வாங்கும் பயிற்சி நிலையங்களில் முதல் பட்டதாரிகளின் குடும்பங்கள் நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகின்றன. சில இடங்களில் செய்யாத வேலைக்கு அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருகிறார்கள். பின்னணிச் சரிபார்ப்பில் அது வெளிப்பட்டால் வேலையும் போகும், அடுத்த நிறுவனத்தின் கதவும் அடையும். பாடத்திட்டத்தை எழுத்தில் தராத நிலையம், முன்பு படித்தவர்களோடு பேச விடாத நிலையம், முழுக் கட்டணத்தையும் முதல் நாளே கேட்கும் நிலையம் இவை மூன்றையும் தவிர்ப்பது நல்லது.

சான்றிதழைவிடச் செய்து காட்டிய வேலைக்கே முதல் வேலையில் மதிப்பு அதிகம். எஸ்.க்யூ.எல்., பைதான் இரண்டில் ஒன்றை ஆழமாகக் கற்று, தெரிந்த பொருளில் ஒரு சிறு திட்டத்தை முழுதாக முடிப்பது பத்துக் கருவிகளின் பெயரைச் சொல்வதைவிட மேல். செட்டிநாட்டு மாணவருக்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. செட்டிநாட்டு ஊர்கள் எழுபதுக்கு மேல்; 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் செட்டிநாடு சேர்ந்தது. செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் இளையாத்தங்குடி போன்றவற்றுக்குள் உட்பிரிவுகள் உண்டு. ஊர், கோயில், உட்பிரிவு, வீடு, கட்டிய ஆண்டு, இப்போதைய நிலை என்று அட்டவணை அமைக்கப் புகுந்தாலே, ஒன்றுக்குப் பல என்ற உறவைத் தரவுத்தளத்தில் எப்படி வைப்பது என்ற பாடம் தானாக வந்துவிடும். அதைத் திறந்த வரைபடத்தில் பொருத்தி, நிரலோடு பொதுவில் வைத்தால், நேர்காணல் செய்பவர் திறந்து பார்த்துக் கேள்வி கேட்க ஒரு பொருள் கிடைக்கிறது.

வேலையிலிருந்தே வேலையைக் கற்பது இந்த மண்ணுக்குப் புதிதன்று. பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் நடத்திய வட்டிக்கடைகளுக்குப் போன பையன்கள் திண்ணைப் பள்ளியின் தமிழோடும் வாய்பாட்டோடும் கப்பலேறினார்கள். கடைகள் இயங்கிய கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து பேரேடு எழுதிப் பழகி, அடுத்தாளாகி, தேறியவர்கள் மேலாளாகிக் கடையை நடத்தினார்கள். மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்பும்போது கையில் இருந்தது தொழில். அதற்குப் பட்டம் எதுவும் கிடையாது. சாதி உறவுக்குள் மட்டும் இயங்கிய ஏற்பாடு அது என்பதையும் மறைக்கக் கூடாது. உறவைக் கேட்காமல் எல்லோருக்கும் அத்தகைய இடத்தைச் சட்டம் தரக்கூடும். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தை 2014இல் திருத்தியபோது பொறியியல் அல்லாத பட்டதாரிகளும் அதற்குள் வந்தார்கள். 2019 விதி பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் உதவித்தொகை என்று வைத்தது. தென் மாநிலங்களுக்கான தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. கலைக் கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவுகள் இந்தச் சட்டத்தை முழுவதும் பயன்படுத்தினால், அனுபவம் இல்லாததால் வேலையில்லை, வேலையில்லாததால் அனுபவமில்லை என்ற சுற்றிலிருந்து மாணவர்களை வெளியே கொண்டுவரலாம்.

இருக்கும் இடமும் ஒரு தடை. காரைக்குடியிலிருந்து அதிகாலையில் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் பிற்பகலுக்குள் சென்னை. விடுதி வாடகையும் சாப்பாடும் முதல் சம்பளத்தின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். மதுரை இலந்தைக்குளத்தின் எல்காட் பூங்காவில் எச்.சி.எல். இருக்கிறது. தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் ஸோஹோ இயங்குகிறது. சிற்றூரில் இருந்தபடியே மென்பொருள் செய்யலாம் என்பதற்கு அது கண்ணெதிரில் நிற்கும் சான்று. காரைக்குடிக்கும் அரசு நியோ டைடல் பூங்கா அறிவித்திருக்கிறது. வெளியூர் அனுப்பத் தயங்கும் வீடுகளில் உள்ள பெண்களுக்கு உள்ளூர் வேலை என்பது வசதிக்கு மேற்பட்டது. படித்த படிப்பு பயன்படுமா இல்லையா என்பதையே அது தீர்மானிக்கிறது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு முதல் வேலைகளின் தன்மை மாறிவருகிறது. எளிய நிரல், பொதுவான கட்டுரை, வழக்கமான பதில் மின்னஞ்சல் ஆகியவற்றை எந்திரமே எழுதித் தருகிறது. அவற்றைச் செய்தே தொழில் பழகிய புதியவர்களுக்கு இது இழப்பு. எந்திரம் எழுதிய தமிழ் சரியா, அது சொல்லும் வரலாற்றுச் செய்தி உண்மையா, மேற்கோள் காட்டும் நூல் உலகில் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை மறுபுறம் வளர்கிறது. மூலத்தோடு ஒப்பிடாமல் எதையும் ஏற்காத பழக்கம் பாடபேதம் பார்த்துப் படித்தவரிடமும் கல்வெட்டுப் படித்தவரிடமும் இருக்கிறது. ஆனால் இந்த வேலைகள் பலவும் பக்கத்துக்கும் மணிக்கும் கூலி பேசி வெளியே விடப்படுகின்றன. மொழி அறிவுக்கு அங்கே தரும் விலை நியாயமானதாக இல்லை. சரிபார்ப்பதோடு நிற்காமல், பிழைகளை வகைப்படுத்தி எண்ணி, எந்த வகைப் பிழை ஏன் வருகிறது என்று தரவோடு அறிக்கை எழுதக் கற்றவரே அந்தக் கூலி வேலையிலிருந்து மேலே ஏறுகிறார்.

அழகப்பா பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறையும் இருக்கிறது, கணினி அறிவியல் துறையும் இருக்கிறது. இரு துறை மாணவர்களும் இறுதியாண்டுத் திட்டத்தை இணைந்து செய்ய ஏற்பாடு இருந்தால், தமிழ் மாணவருக்கு ஒரு நிரல் தொகுப்பும் கணினி மாணவருக்கு ஓர் உண்மையான சிக்கலும் கிடைக்கும். செட்டிநாட்டு வீடுகளின் பெட்டகங்களில் பேரேடுகளும், ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதங்களும், திருமண உடன்படிக்கைகளான இசைகுடிமானங்களும் இன்னும் இருக்கின்றன. அவற்றின் பழைய எண் குறிகளையும் கூட்டெழுத்துகளையும் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் ஆண்டுதோறும் குறைந்துவருகிறார்கள். எழுத்துணரியைப் பழக்க வேண்டிய மாதிரிப் பக்கங்களை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துதான் தயாரிக்க முடியும்.